பயறு விடும், பட்டாணி விடாது

மகளே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீயே சிரிப்பாய். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டி. அந்தப் பக்கம் நீ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாய். இந்தப் பக்கம் குசினி மேசையில் வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் இல்லை, காற்றாடியும் நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற தாய் வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் பொலிஸ் நிலையத்திலிருந்து வந்த பிறகு நான் எதைக் கேட்டாலும் நீ ஓம் என்கிறாய். சாப்பிட்டாயா, ஓம். தலை முழுகினாயா, ஓம். லண்டனுக்குப் போகிறாயா, ஓம். இந்த ஓமுக்குப் பயந்துதான் எழுதுகிறேன். கடிதத்துக்கு உடனே ஓம் சொல்ல முடியாது, முதலில் வாசித்து முடிக்க வேண்டும்.

அடுத்த கிழமை நாங்கள் சென்னைக்கு விமானம் ஏறுகிறோம். மாப்பிள்ளை அகதியாக லண்டனுக்குப் போனவர், இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாதவர் என்பதால் தாலிகட்டு அங்கே. அது முடிந்ததும் நான் திரும்பி இந்த வாடகை அனெக்ஸுக்கு வருவேன், நீ விசா வந்த பிறகு லண்டனுக்குப் போவாய். கூறைச்சேலை வாங்கியாயிற்று. பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. கண்டவர்கள் எல்லாம் பெண்ணைக் கரை சேர்த்துவிட்டாய் என்று என் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். கரை சேர்த்தேனா, பிடித்துத் தள்ளிவிட்டேனா என்ற கேள்வி இன்று காலையிலிருந்து என்னை விடவில்லை. அதை உன்னிடம் கேட்காமல் நான் விமானம் ஏறப் போவதில்லை.

நாங்கள் இந்த அனெக்ஸுக்கு வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அப்பா போய், யாழ்ப்பாணத்தில் எங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சாத பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே தொழிலான டைப் அடிப்பதை நம்பிக் கொழும்புக்கு வந்தோம். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் லோயர் ஐயாவின் கந்தோரில் வேலை கிடைத்தது. பிடிபட்ட பிள்ளைகளுக்குப் பிணை கேட்டு எழுதும் மனுக்கள்தான் அங்கே பாதி வேலை. பகலெல்லாம் அதை அடித்துவிட்டு, பின்னேரம் பஸ்ஸை மறிக்கிற இடத்திலெல்லாம் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல். வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு கடலுக்குப் போகாதவர்கள் நாங்கள் இரண்டு பேர். தண்டவாளத்தைத் தாண்டினால் காவலுக்கு நிற்கிறவன் ஏன் வந்தாய் என்பான், நின்றால் யாருக்காக நிற்கிறாய் என்பான். வீட்டுக்கார அம்மா கெட்டவ இல்லை, ஆனால் எங்களைத் தேடி ஒருவர் வந்து கேற்றைத் தட்டினால் அவவின் யன்னல் திரை அசையும். உன்னை நான் அடைத்துத்தான் வளர்த்தேன். கம்பஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் கம்பஸ். சினேகிதியின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹெவ்லொக் டவுன் வரைக்கும்கூட உன்னை விட்டதில்லை. நீ கோபிக்கவில்லை. உனக்கு அதைவிடச் சின்ன ஒரு இடம் கிடைத்திருந்தது, அதற்குள் புகுந்துகொண்டாய்.

அந்த இடம் பயற்றஞ்செடியின் வேரில் இருக்கிற முடிச்சு. நீ கம்பஸ் தமிழில் சிறுகணு என்பாய், எனக்கு அது முடிச்சுத்தான். விவசாயம் படிக்கிற மகளுக்கும் டைப் அடிக்கிற தாய்க்கும் நடுவில் இதை விளங்கப்படுத்த நீ பட்ட பாடு கொஞ்சமில்லை. கடுகு போலக் கொத்துக் கொத்தாக வேரில் இருக்கும், அது நோயுமல்ல, கட்டியுமல்ல, வீடு என்றாய். மண்ணில் திரிகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பற்றீரியாவுக்குச் செடி தானே கட்டிக்கொடுக்கிற வீடு. எங்களைச் சுற்றியிருக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். செடிக்கு வேண்டிய சாப்பாடு அதுதான், ஆனால் காற்றிலிருந்து அதை எடுக்கச் செடியால் முடியாது. பசியோடு பூட்டின கடைக்கு முன்னால் நிற்கிற கதை. இந்தப் பற்றீரியாவுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியும். நைதரசனைச் செடி உண்ணக்கூடிய சத்தாக மாற்றிக் கொடுக்கும், செடி பதிலுக்குத் தன் இலையில் செய்த சீனியைக் கீழே அனுப்பும்.

அதற்குள்ளேயும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று சொன்னாய். ஒட்சிசன் கூடினால் அந்த வேலை கெட்டுவிடும், ஒட்சிசனே இல்லாவிட்டால் பற்றீரியா மூச்சடங்கிப் போகும். அதனால் முடிச்சுக்குள்ளே எங்கள் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிவப்புப் பொருள் ஒட்சிசனைப் பிடித்துவைத்து, அளந்து அளந்து கொடுக்குமாம். பிளேட்டால் வெட்டிப் பார்க்கும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளிறிப்போய் இருந்தால் சும்மா குந்தியிருந்து சாப்பிடுகிறது. எங்கள் கந்தோரிலும் சில பேரை இப்படி வெட்டிப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது என்று நான் சொன்னேன். நீ வயிறு பிடித்துச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து இப்போது எத்தனை காலம்.

உனக்கு இது வெறும் பரீட்சைக்கான படிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். வவுனியாவுக்கு அப்பால் யூரியா மூட்டை போகக் கூடாது, அதை வைத்து வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்று தடை. அங்கே பயிர் மஞ்சளித்துப் போய் நிற்கிறது என்று ஊரிலிருந்து வருகிற ஆட்கள் சொல்லும்போது நீ எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருப்பாய். கம்பஸிலிருந்து ஒரு பயணம் போனபோது, சிலாபத்துக்கு அப்பால் உப்புக் காற்றடிக்கிற மணலில், தன்பாட்டில் முளைத்துச் செழித்து நின்ற ஒரு பயற்றஞ்செடியைப் பிடுங்கி வந்தாய். அதன் முடிச்சிலிருந்து பிரித்தெடுத்து நீ வளர்த்த பற்றீரியாவுக்குக் கே-ஏழு என்று பெயர் வைத்தாய். உப்பையும் மணலையும் தாங்கும், யூரியா இல்லாத இடத்தில் பயற்றைக் காப்பாற்றும், என்ர பட்டம் இதுதான் அம்மா என்றாய். நான் ஏதோ பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோலப் பின்னேரங்களில் கே-ஏழு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன்.

பிறகு கம்பஸை மூடினார்கள். எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நீ உன் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சதுப்பு நிலத்துக் கறுப்பு மக்கைக் காயவைத்து அரித்த தூளில் கே-ஏழைக் கலந்து கட்டிய பைகள் எங்கள் பிரிட்ஜில் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் ஏறின. பால்மா டின்களில் கொதிக்கவைத்துக் கழுவிய மணல் போட்டுப் பயறு நட்டாய். பாதி டின்களுக்குக் கே-ஏழு கொடுத்தாய், அவற்றில் லேபல் ஒட்டினாய். மற்றப் பாதிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அதுகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெறும் டின்கள். வெறும் டின்களுக்கு முதலில் தண்ணீர், அதற்குத் தனிக் குவளை, கையை ஸ்பிரிட்டால் துடைக்காமல் ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடக்கூடாது என்று எனக்கும் சட்டம் போட்டாய். என் மாமியார் குசினியில் பார்த்த ஆசாரத்தை, கம்பஸுக்குப் போய்ப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாயே என்று பகிடி பண்ணினேன். ஒரு துளி மண் பட்டாலும் போதும், ஒன்று ஆயிரமாகப் பெருகிவிடும், பிறகு எது வெறும் டின் என்று சொல்லவே முடியாது என்றாய். சில கிழமைகளில் லேபல் டின்கள் பச்சைப் பசேலென்று நின்றன, வெறும் டின்கள் கீழ் இலையிலிருந்து மஞ்சளித்தன. அந்த மஞ்சளைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டதை நினைக்க இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்த நாட்களில் ஒருமுறை நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்த முடிச்சுக்குள்ளே போன பற்றீரியா திரும்பி வெளியே வருமா என்று. நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. அன்றைக்கு ஒழுங்கை முனையில் என்னை வெகுநேரம் மறித்து வைத்திருந்தார்கள், அந்தக் களைப்போடுதான் கேட்டேன். நீ வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாய்.

"பட்டாணி வேருக்குள்ள போனது பெருத்து உருமாறிப் போயிடும் அம்மா. பிறகு பெருகவும் ஏலாது, வெளியில வந்து சீவிக்கவும் ஏலாது. பயற்றில அப்படியில்லை. முடிச்சு உக்கி அழியேக்க திரும்ப மண்ணுக்கு வந்து தன்ரபாட்டில இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாய்: "பயறு விடும், அம்மா. பட்டாணி விடாது."

அதை நான் மறந்துபோனேன். நினைவு வைத்திருக்க வேண்டிய நேரத்தில் மறந்துபோனேன்.

சுற்றிவளைப்பு நடந்த விடியற்காலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரைக்கும் கதைத்ததில்லை. ஒழுங்கை முழுவதையும் மறித்துக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டைகளையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுச் சுவரோடு நின்றோம். அலுமாரியைப் பார்த்தார்கள், கட்டிலைப் புரட்டினார்கள். பிரிட்ஜைத் திறந்த அதிகாரி கறுப்புத் தூள் பையை வெளியே எடுத்து, மே மொகக்த என்று கேட்டார். இது என்ன என்று. நீ நேராக நின்று, பெக்டீரியா என்றாய். அவருக்கு முகம் மாறியது. இவர்கள் வீட்டில் கிருமி வளர்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. உனக்குச் சிங்களம் போதாது, எனக்குத்தான் போதும், நான்தானே புதுக்கடையில் அடிபட்டவள் என்று எண்ணிக்கொண்டு முன்னுக்குப் பாய்ந்தேன். பயப்பட ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் விளங்குகிற சாதாரணச் சாமான் என்று காட்ட ஒரு சொல் தேடினேன். பொஹொர, சேர், என்றேன். உரம், பசளை.

யூரியா வைத்திருந்தார், பசளை வைத்திருந்தார் என்று பிடிபட்ட எத்தனை பேருடைய மனுவை என் கையால் அடித்திருக்கிறேன். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுப் பிரிட்ஜில் பசளை இருக்கிறது என்று ஒரு பொலிஸ்காரருக்குச் சொன்ன ஒரே மூளைசாலி நானாகத்தான் இருப்பேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை கோபப் பார்வை இல்லை. அம்மா, ஏன் என்று கேட்கிற பார்வை. பைகளை எடுத்தார்கள், லேபல் ஒட்டிய டின்களை எடுத்தார்கள். மஞ்சளித்து நின்றதுகளைச் செத்த செடி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி உன் கையைப் பிடித்தாள். படியில் இறங்கும்போது ஒரு லேபல் டின் சாய்ந்து மணல் முழுவதும் கொட்டியது, செடியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ போன பிறகு நான் அந்தப் படியில் இருந்துகொண்டு மணலைக் கையால் அள்ளினேன். உன்னுடைய சாமான், எறிய மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற வெறும் டின்களுக்குள் அதைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு லோயர் ஐயாவிடம் ஓடினேன். உன் ஆசாரமும் சட்டமும் அந்த நேரம் எனக்கு எங்கே நினைவு வரும்.

உன் மனுவை நானேதான் அடித்தேன். கந்தோரில் வேறு ஆள் அடிக்கட்டும் என்றார் லோயர் ஐயா, நான் விடவில்லை. கம்பஸ் செயல்திட்டம் என்று சுருக்கமாகப் போடம்மா, நீதவானுக்கு அது போதும் என்றார். நான் மாட்டேன் என்றேன். ஒருமுறை சுருக்கித்தான் பிள்ளையை உள்ளே அனுப்பினேன். பயற்றின் வேரில் குடியிருந்து காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக மாற்றும் பற்றீரியா, அதைச் சுமக்கும் சதுப்பு நில மக்கு என்று நீ எனக்குச் சொன்னபடியே முழுவதும் அடித்தேன். இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். கேட்கிறவனுக்கு இலேசாக இருக்கட்டும் என்று உன்னுடைய உண்மையை நீ வெட்டிக் குறுக்காதே. நீ பெக்டீரியா என்று சொன்னதுதான் சரி. குறுக்கியவள் நான்.

உன்னை அவர்கள் வெளியே விட ஒரு கிழமைக்கு மேல் ஆயிற்று. சோதித்துப் பார்த்தவர்கள் இது வெறும் மக்கு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். பைகளையும் திருப்பித் தந்தார்கள். அத்தனை நாளும் நிலையத்தின் முன்விறாந்தையில் வெயிலில் கிடந்து சூடேறிக் காய்ந்து போயிருந்தன. டின் செடிகள் வாடிச் சருகாகிவிட்டன. நீ உன் ஆய்வைப் பார்க்கிற பேராசிரியைக்குப் போன் பண்ணினாய். மின்வெட்டில் கம்பஸ் குளிர்ப்பெட்டியில் இருந்த கே-ஏழின் மூலக் குழாய்களும் பழுதாகிவிட்டன என்று அவ சொன்னதை நீ எனக்குச் சொல்லவில்லை, போனில் நீ திருப்பித் திருப்பிக் கேட்டதிலும் ரிசீவரை வைத்த விதத்திலும் நானே தெரிந்துகொண்டேன். பின்வாசலில் நின்ற வெறும் டின்களைப் பார்க்காமலே, எறிஞ்சு விடுங்கோ அம்மா என்றாய். உள்ளே உனக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டேன். ஒண்டும் இல்லை என்றாய். அதன் பிறகு நீ கேற்றுக்கு அப்பால் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா சம்பந்தத்தோடு வந்தா. என் அக்காவைக் குற்றம் சொல்ல மாட்டேன், உன்னில் உயிரை வைத்திருக்கிறவ. நல்ல குடும்பம், பையன் லண்டனில் கணக்கு வேலை, குடிக்க மாட்டான், படத்தில் பார்க்க மூக்கும் முழியுமாக இருக்கிறான். எனக்குக் கண் முன்னால் தெரிந்தது அதெல்லாம் இல்லை. பெண் பொலிஸ் உன் கையைப் பிடித்த இடம்தான் தெரிந்தது. நான் உன்னிடம் வந்து என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "எல்லாம் செத்துப் போச்சு பிள்ளை. இனி இஞ்ச உனக்கு என்ன இருக்கு?" என்றேன். நீ ஓம் என்றாய். செத்துப்போச்சு என்றதற்கு ஓமா, லண்டனுக்கு ஓமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய ஓமை எடுத்துக்கொண்டு போய் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

பையனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் தன்மையாகக் கதைக்கிறான். அவனுடைய தாயோடு கதைத்தபோது, பிள்ளை படிப்பை முடிக்கவில்லை, அங்கே தொடரலாமா என்று கேட்டேன். "இங்க வந்து என்ன பயறு நடவே போறா?" என்று அவ சிரித்தா. சம்பந்தி முறை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.  கலியாணம் பண்ணிப்போகிற பெண்ணுக்குத் தாய் சொல்லுகிற புத்திகள் எல்லாம் எனக்கும் தெரியும், விட்டுக்கொடு, பொறுத்துப்போ, வாயைக் கட்டு. அதெல்லாம் நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. உன் வேரும் பற்றீரியாவும் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வேன். எந்த வீட்டுக்குள் போனாலும் கொடுக்கிறதும் வாங்கிறதும் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். மூச்சு அளந்து கொடுத்தாலும் பரவாயில்லை, அடியோடு நிறுத்தக்கூடாது. அதைவிட முக்கியம், அந்த வீடு பயறா பட்டாணியா என்று உள்ளே போக முதல் கேட்டுக்கொள். பிறகு கேட்டுப் பயனில்லை.

இனி இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் அந்த டின்களை எறியவில்லை. நீ உள்ளே இருந்த நாட்களில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அதுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், நீ தந்துவிட்டுப் போன வேலை என்று. நீ வந்து எறியச் சொன்ன பிறகு, உன் கண்ணில் படாமல் குளியலறைச் சுவருக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மழை பார்த்துக்கொண்டது. கலியாண ஓட்டத்தில் அந்தப் பக்கம் நான் போகவேயில்லை. இன்றைக்குக் கொடியில் இடமில்லாமல் ஈரச்சேலையை அந்தச் சுவரில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சில செடிகள் செத்துத்தான் போயிருந்தன. மிச்சம் மஞ்சளாக இல்லை. பழைய மஞ்சள் இலைகள் கீழே உதிர்ந்து கிடக்க, மேலே எல்லாம் கரும்பச்சை, மஞ்சள் பூவும் வைத்திருக்கிறது. அந்த மணலில் சத்து ஒன்றும் இல்லை என்பதை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் ஒன்றும் போடவில்லை. அப்படியென்றால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

படியில் இருந்து அள்ளிப் போட்ட மணல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு செடியைப் பிடுங்கி, மணலை வாளித் தண்ணீரில் அலசினேன். வேரில் கொத்தாக இருந்தது. தையல் பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்து ஒன்றை வெட்டினேன். உள்ளே சிவப்பு. நல்ல சிவப்பு, பிள்ளை. குளியலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் அழுதேன். வீட்டுக்கார அம்மா யன்னலால் பார்த்திருப்பா, பார்க்கட்டும்.

உன் ஒப்பீடு பாழாய்ப்போய்விட்டது என்று எனக்குத் தெரியும். வெறும் டின்னை வெறும் டின்னாக வைத்திருக்கத் தெரியாத தாய். அதற்கு நீ என்னைத் திட்ட வேண்டும், அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எல்லாம் செத்துப்போச்சு என்று நான் உனக்குச் சொன்னது பொய்யாகிவிட்டது. அந்தப் பொய்யை வைத்துத்தான் உன்னிடம் ஓம் வாங்கினேன்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ இங்கே நின்றால் ஒவ்வொரு விடியற்காலையும் நாய் குரைக்கிற சத்தத்துக்கு நான் எழும்பி இருப்பேன். இன்னொரு முறை உன்னைக் கொண்டுபோனால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. நீ போனால் இந்த அனெக்ஸில் நான் தனியே இருந்து, ஓம் ஓம் என்று போனில் கேட்டுக்கொண்டு நரைத்துப்போவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். ஆனால் உன்னைச் சுற்றி நிற்கிற சுவர்களில் ஒன்றை நான் எழுப்பினேன், அதை மட்டுமாவது என் கையால் இடிக்கலாம். கலியாணத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. போவதென்றால் போ, அந்தப் பையனோடு நீயே கதைத்து, படிப்பைப் பற்றியும் கே-ஏழைப் பற்றியும் முழுவதுமாகச் சொல்லி, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டுப் போ. நிற்பதென்றால் நில். கம்பஸ் எப்போதாவது திறக்கத்தானே வேண்டும்.

நீ எழும்பி இதை வாசிக்கிற நேரம் நான் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இருப்பேன். பெரியம்மாவிடம் சொல்லப்போவது ஒன்றுதான், அக்கா, அந்த ஓம் என்னுடையது, பிள்ளையினுடையது இன்னும் வரவில்லை என்று. அவ ஏசுவா. கேட்டுக்கொள்வேன்.

நான் பிடுங்கியது ஒரு செடியை மட்டும்தான். மற்றதுகளைத் தொடவில்லை, சுவருக்குப் பின்னால் நிற்கின்றன. இன்னும் கொஞ்ச நாளில் காய் முற்றினால் முடிச்சு உக்கத் தொடங்கிவிடும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அதுகளுக்குள்ளே இருப்பது உன்னுடைய கே-ஏழா, அல்லது மழையிலோ தூசியிலோ வந்து குடியேறிய வேறு ஏதோவா என்று எனக்குத் தெரியாது. சிவப்பை மட்டும்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் பார்த்துச் சொல்லத் தெரிந்தவள் நீதான். பிளேட்டைக் கழுவிப் பின்வாசல் படியில் வைத்திருக்கிறேன். உன் ஸ்பிரிட் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, கையைத் துடைத்துவிட்டுத் தொடு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிடுவேன். வந்ததும் உன்னிடம் கேட்பேன். இல்லை என்று சொல், தெரியாது என்று சொல், இந்த மனுஷி என்ர ஆய்வைப் பாழாக்கிப்போட்டுது என்று கத்து. ஓம் என்று மட்டும் சொல்லாதே.

அம்மா